தூண்டிலும் ஓர் அறுவடைதான்!

1932-ம் ஆண்டு, ஜூன் 2-ம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மழை பெய்து நிலமெல்லாம் சேறாகிக் கிடந்தது. ஏர் பூட்ட முடியாது. வயல் வேலை இல்லாததால், ஜார்ஜ் பெர்ரி என்ற சுமார் 20 வயது விவசாயி, நண்பர் ஜாக் பேஜுடன் மீன் பிடிக்கக் கிளம்பினார். பொழுதுபோக்குக்காக அல்ல. தந்தை இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அம்மாவையும் உடன்பிறந்த நால்வரையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. நாடு முழுக்கப் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது.

இருவரும் போன இடம் மான்ட்கோமரி ஏரி. ஒக்மல்கி ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவு. படகு, கையால் செய்த சின்னப் படகு. செயற்கை இரை ஒன்றே ஒன்று. ஒருவர் வீசும்போது மற்றவர் துடுப்புப் போட வேண்டும். நெடுநேரம் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. ஓரிடத்தில் தண்ணீர் கலங்கியதைப் பார்த்து பெர்ரி வீசினார். இழுத்தால் அசையவில்லை. இரை ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். மாட்டியது 10 கிலோவைத் தாண்டிய பாஸ் மீன்!

பக்கத்து ஊர்க் கடைத் தராசில் நிறுத்தபோது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகையின் போட்டியில் அந்த எடைக்கு 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் குழம்புச் சட்டிக்குப் போனது, குடும்பமே சாப்பிட்டது. 2009-ம் ஆண்டு ஜப்பானின் பிவா ஏரியில் கிட்டத்தட்ட அதே எடையில் ஒரு பாஸ் பிடிபட்டது. இரண்டும் உலக சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன.

விடியலில் ஏன்?

பாஸ், நம் விராலைப்போல ஒளிந்திருந்து பாயும் மீன். அகன்ற வாய், தன்னைவிடச் சிறிய மீன், தவளை எது வந்தாலும் விழுங்கும். கோடையில் வெளிச்சம் ஏறுவதற்கு முன் கரையோர ஆழமில்லாத நீருக்கு வந்து இரை தேடும். வெயில் ஏறியதும் பாசி, விழுந்த மரம் ஆகியவற்றின் நிழலுக்கோ, சற்று ஆழத்துக்கோ ஒதுங்கிவிடும். அதனால்தான் கோடையில் தூண்டில்காரர்கள் இருட்டோடு படகை இறக்குகிறார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து, இரண்டு மூன்று மீனோடு திரும்புவதும் சகஜம்.

குளத்துக்கும் கணக்கு உண்டு

பெர்ரியைப்போல எல்லாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்காது. வீட்டுக்கு மீன் வேண்டுமென்றால் பண்ணையிலேயே குளம் வேண்டும். பக்கத்து மாநிலமான அலபாமாவில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரியில், ஹோமர் ஸ்விங்கிள் என்ற அறிவியலாளர் 1930-களில் இதைத்தான் ஆராயத் தொடங்கினார். உரமிட்ட ஒரு ஏக்கர் குளத்துக்கு 'ப்ளூகில்' என்ற கையகல மீனின் குஞ்சு 1,000 முதல் 1,500 வரை, பாஸ் குஞ்சு 100 என்பது அங்கே பரவலான பரிந்துரையானது. ப்ளூகில் பூச்சி, புழுக்களைத் தின்று பெருகும். அதன் குஞ்சுகளைப் பாஸ் தின்று வளரும். வீட்டுக்காரர் இரண்டையும் பிடித்துச் சாப்பிடலாம்.

சிக்கல் எங்கே வந்தது? தொடக்கத்திலேயே பாஸை ஆசைப்பட்டு அள்ளிவிட்டால், கேட்பாரற்ற ப்ளூகில் பல்கிப் பெருகும். எல்லாவற்றுக்கும் தீனி போதாமல் ஒன்றுமே வளராது. குளம் நிறைய மீன், சட்டிக்கு ஆகும் மீன் இல்லை. தலைகீழாகவும் நடக்கும். 1972-க்குப் பிறகு, பிடித்த பாஸை உயிரோடு திருப்பிவிடும் பழக்கம் போட்டிகள் மூலம் பரவியது. பெரிய ஏரிகளுக்கு அது நல்லது. சின்னக் குளத்தில் எல்லாப் பாஸையும் திருப்பிவிட்டால், பாஸ் கூடி இரை குறைந்து, தலை பெருத்து உடல் மெலிந்து போகும். அப்போது சிறிய பாஸ்களைப் பிடித்துக் குறைக்க வேண்டும். எது கூடுதல் என்பதைத் தூண்டிலில் வரும் மீனின் அளவே காட்டிக்கொடுக்கும்.

நம் குட்டைக்கு என்ன பாடம்?

நம் ஊரில் இதே கதையை நடத்துவது ஜிலேபி மீன். விட்ட சில மாதங்களில் குஞ்சு பொரித்து, குட்டை முழுக்க விரல் நீள மீனாகவே நிற்கும். தீனியைக் கூட்டினால் செலவுதான் கூடும். அவ்வப்போது வலை வீசிச் சிறியவற்றைக் குறைக்க வேண்டும். ஜிலேபி மட்டும் உள்ள குட்டையில், அவை ஓரளவு வளர்ந்த பின் சில விரால் குஞ்சுகளை விட்டால் பெருக்கம் கட்டுப்படும். கட்லா, ரோகு குஞ்சுகள் உள்ள குட்டையில் விராலை விடக் கூடாது; குஞ்சுகள் மிஞ்சாது.

கோடை விடியலில் குட்டையைப் பார்ப்பது இன்னும் முக்கியம். பகலில் பாசி உயிர்வளியைத் தருகிறது. இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் நீரில் உயிர்வளி மிகக் குறைவு. சூடான நீரில் அது கரைவதும் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்று தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். மோட்டாரைப் போட்டு நீரை உயரத்திலிருந்து மழைபோல் விழச் செய்யுங்கள். புது நீர் இல்லையென்றால் குட்டை நீரையே சுற்றிவிடலாம். முழங்கை வரை கையை நீரில் விடுங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் பச்சை மிகுந்துவிட்டது என்று பொருள், உரம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சாதனை எடையைப் படித்துவிட்டுப் பாஸ் குஞ்சு தேட வேண்டாம். சொந்த மண்ணில் நல்ல மீன். அயல் நீரில் உள்ளூர் மீன்களை அழிக்கும். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் உண்டு. பிவா ஏரி உள்ள ஜப்பானிலேயே அதை வளர்ப்பதும் புதிய நீர்நிலையில் விடுவதும் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டுள்ளன.

வாரம் ஒருமுறை விடியலில் தூண்டிலோ வீச்சு வலையோ போட்டு, கிடைத்த மீனின் வகை, நீளம், எடை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் எடை ஏறவில்லையென்றால், தீனி மூட்டை வாங்குவதற்கு முன் மீனின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள்.