மெலனோமா நடை

சிலேடை நம் புலவர்க்கே உரியதென எண்ணியிருப்போர், அவுஸ்திரேலியாவில் 2012இல் தொடங்கப்பெற்ற 'மெலனோமா மார்ச்' என்னும் பெயரைக் கேட்பின் வியப்புறுவர். மார்ச் என்பது மாதத்தின் பெயர். அணிவகுத்து நடத்தலும் அதன் பொருள். மெலனோமாவோ தோலிற் பிறக்கும் புற்றுநோய்களுட் கொடியது.

இந்நடையைத் தொடக்கியவர் வைத்தியருமல்லர், செல்வருமல்லர். ஜே அலன் என்னும் லொறிச் சாரதி. அவரது கணுக்காலில் இருந்த மச்சம் ஒன்று 2008இல் இந்நோயெனக் கண்டறியப்பட்டது. உயிர் தப்பியவர், ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட மக்களை நடக்க அழைத்தார். நோயை வென்றோரும், உறவினரை அதற்குப் பறிகொடுத்தோரும் ஒருங்கே நடந்தனர்.

நடந்தால் நோய் தீருமா என மாணவர் வினவலாம். நடை தீர்க்காது; நடையால் வரும் பணம் ஆய்வுகூடத்துக்குச் செல்லும். அங்கே நிகழ்ந்தது யாது? நம் குருதியிலுள்ள காவற் கலங்கள் பகையைக் கண்டால் அழிக்கும். அளவுமீறி அழியாதிருக்க அவற்றுக்குத் தடைகளும் உண்டு. புற்றுநோய் அத்தடையைத் தனக்குக் கவசமாக்கிக் கொள்கிறது. தடையை நீக்கினால் உடலே போரிடும் என்று காட்டிய அமெரிக்கரான அலிசனும் ஜப்பானியரான ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். முன்னாளில் உடலெங்கும் பரவிய மெலனோமா உடையோர் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாண்டனர். இவ்வகை மருந்துகள் இரண்டைச் சேர்த்துப் பெற்றோருள் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர் என 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மாண்ட ஏனையோரை எண்ணும்போதுதான் இன்னும் நடப்பதன் காரணம் விளங்கும்.

வெண்ணிறத்தோர் கடும் வெயில் நாட்டிற் குடியேறியதன் விளைவே அங்கு இந்நோய் மிகுந்தமைக்குப் பெருங்காரணம். கருநிறம் நமக்கு நல்ல குடை. ஆயினும் அக்குடை எல்லாவிடத்தும் மறைப்பதில்லை. ஜமெய்க்கப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின்கீழ் 1977இல் மெலனோமா கண்டறியப்பட்டது. 1981இல், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். கருநிறத்தோர்க்கு இந்நோய் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின்கீழுமே பெரிதும் தோன்றும். வெயில் அதற்குக் காரணமன்று. ஆகவே உள்ளங்காலிற் புதிதாய்த் தோன்றி வளரும் கரும்புள்ளியையும், நகத்தில் நாளுக்கு நாள் அகலும் கருங்கோட்டையும், ஆறாத புண்ணையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோர் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க இயலாதவராயின், பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம்.