சாலைக்குள் நுழையக் காசு ஏன்?

நிரம்பி வழியும் சாலையில் இன்னும் ஒரே ஒரு கார் நுழைந்தாலும், பின்னால் வரும் அத்தனை பேருக்கும் தாமதம். அந்தத் தாமதத்துக்கு விலை வைப்பதுதான் நெரிசல் கட்டணம்.

சிங்கப்பூர் இதை 1975 ஜூனில் தொடங்கியது. காலையில் நகர மையத்துக்குள் நுழையும் கார், கண்ணாடியில் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுமதிச் சீட்டை ஒட்டியிருக்க வேண்டியிருந்தது. காரில் நான்கு பேர் இருந்தால் இலவசமாக இருந்தது. உடனே, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றி ஆள்கணக்கைச் சரிக்கட்டினார்கள் சாமர்த்தியசாலிகள்!

நெரிசல் நன்றாகவே குறைந்தது. ஆனால் கட்டண நேரம் தொடங்கிய 7.30க்கு முன்பும், சுற்றுச் சாலைகளிலும் வண்டிகள் குவிந்தன. 1998இல் சீட்டுக்குப் பதிலாக மின்னணுச் சாவடிகள் வந்தன. நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறியது. ஆனாலும் பணக்காரருக்கு இந்தக் கட்டணம் சில்லறை, சிறு வியாபாரியின் வேனுக்குச் சுமை. பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக ஓடாத ஊரில் நெரிசல் கட்டணம் வெறும் தண்டம்.