எழுதாது விட்ட ஒரு மணித்தியாலம்

நியூ ஜேர்சியிலோ ரெக்சாசிலோ வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பராமரித்து உழைக்கும் எம் பெண்களின் வேலை, முதற் பிள்ளை வாசலுக்கு வருமுன்னரே தொடங்கிவிடுகின்றது. பிள்ளைகளுக்காகச் சமைப்பதும், அவர்கள் சென்றபின் கூட்டித் துடைப்பதும் தொழில் நேரமே என்பதை அமெரிக்க வரித் திணைக்களமும் ஏற்கின்றது. மாநில விதிப்படி அனுமதி பெற்றவரோ விலக்களிக்கப்பட்டவரோ, ஆண்டின் 8,760 மணித்தியாலங்களில் தொழிலுக்குச் சென்ற பங்கையும், வீட்டில் அதற்குப் பயன்பட்ட இடத்தின் பங்கையும் 8829 ஆம் இலக்கப் படிவத்தில் காட்டி, வாடகையிலும் மின்கட்டணத்திலும் ஒரு பகுதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

நாளுக்கு 11 மணித்தியாலம், வாரத்துக்கு 5 நாள், 50 வாரம் எனில் 2,750; நூற்றுக்கு 31. எழுதாது விட்ட ஒரு மணித்தியாலத்தையும் நாள்தோறும் சேர்த்தால் 3,000, நூற்றுக்கு 34. ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு விசாரணையில் எடுபடுவது கடினம். ஒரு கொப்பியில் அன்றன்றே குறித்து வைப்போம்.