ஒத்திகை இல்லாமல் ஒரு கிராமி

இன்றைய ஃப்யூஷன் ஆல்பங்கள் பலவற்றில் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருவர் மும்பையில் வாசித்து அனுப்புவார். இன்னொருவர் லண்டனில் அதன்மேல் வாசிப்பார். சேர்த்துக் கட்டுவது ஒலிப்பொறியாளர் பாடு. ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பம் அப்படி உருவானதல்ல.

ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட்டும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் 1992 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் முதன்முறையாகச் சந்தித்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பதிவு தொடங்கிவிட்டது. தபலாவுக்கு சுக்விந்தர் சிங் நாம்தாரி. தும்பெக் என்ற மேற்காசியத் தாளக் கருவிக்குக் கூடரின் மகன் யோவாக்கிம். அப்போது பள்ளி வயதுப் பையன்.

முன்பின் பழகாதவர்களுக்கு இது எப்படிக் கைகூடியது? இருவருக்கும் தெரிந்த வித்தை ஒன்றே: தந்தியை விரலால் அழுத்தாமல், அதன்மேல் உருளையை வழுக்கவிட்டு ஸ்வரத்தை இழுப்பது. கிட்டாரில் இதைப் பரப்பியவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். அமெரிக்காவில் அது ப்ளூஸின் ஆப்பிரிக்க வேர்களோடு கலந்தது. இந்தியாவுக்கும் அவர்களே கொண்டுவந்தார்கள். டவ் மோ என்ற கலைஞர் 1940களில் கல்கத்தாவிலேயே தங்கியிருந்தார். பின்னர் பிரிஜ்பூஷண் காப்ரா அதில் ராகங்களை வாசித்துக் காட்டினார். பட் தம் கிட்டாரில் தானாக அதிரும் பரிவுத் தந்திகளையும் சேர்த்து, மோகன வீணை ஆக்கினார். ஆக, தேவாலயத்தில் கூடிய இரு கிட்டார்களும் தூரத்துச் சொந்தங்கள்தான்!

பதிவு செய்த விதமும் விசேஷம். வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். வாத்தியத்துக்கு ஒரு மைக் என்று அவர் வைக்கவில்லை. ஒரு ஜோடி ஸ்டீரியோ மைக், வால்வு கருவிகள், நாடா, அவ்வளவுதான். இந்த முறையில் தபலா சத்தம் அதிகமென்றால் பிறகு குறைக்க வழியில்லை; வாசிப்பவரையே தள்ளி உட்காரவைக்க வேண்டும். கட்டடத்தின் எதிரொலியும் பதிவாகிவிடும். வாசிக்கும்போதே ஒருவருக்கொருவர் இடம்விட்டாக வேண்டிய கட்டாயம் இதனால் வருகிறது. இந்த ஆல்பத்தின் அழகில் பாதி அந்தக் கட்டாயம் தந்தது என்பேன்.

நான்கே உருப்படிகள். கடைசியாக வரும் ‘இசா லேய்’ ஃபிஜித் தீவின் பிரிவுப் பாடல். 1994இல் ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது.

இதே நிறுவனம் பின்னர் ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹாலை, பட்டுடனும் நம் சித்ரவீணைக் கலைஞர் என். ரவிகிரணுடனும் உட்காரவைத்து ‘மும்தாஜ் மஹால்’ ஆல்பத்தை வெளியிட்டது. சித்ரவீணையும் வழுக்கி வாசிக்கும் வாத்தியமே. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம்.