நிறம் சொல்லாத வம்சாவளி

பழுப்பும் கருமையும் கலந்த இரண்டு மலைப்பாம்புக் குட்டிகள் விற்பனைக்கு உள்ளன. வயது, எடை, பாலினம் அனைத்தும் ஒன்றே. ஆனால், ஒன்றின் விலை மற்றொன்றைவிடப் பல மடங்கு அதிகம். அதன் பெற்றோரில் ஒன்று வெள்ளையும் மஞ்சளுமான 'அல்பினோ' பாம்பு என்று விற்பவர் கூறுவதே காரணம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றுக்கு, சொல்லை நம்பி விலை கொடுக்கும் விந்தையான சந்தை இது.

கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்டது பந்து மலைப்பாம்பு. அஞ்சும்போது உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர். நஞ்சற்ற இப்பாம்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்லப் பிராணியாக வளர்க்கப்படுகிறது. இதன் அல்பினோ நிறம் பரம்பரையாகத் தொடர்வது என்பதை 1992-இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் இனப்பெருக்கத்தின் வழியே மெய்ப்பித்தார். அதன் பிறகு, அரிய நிறங்களுக்காகப் பாம்பு வளர்ப்பது பெரும் தொழிலாயிற்று.

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கிரிகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட விதியே இதற்கும் அடிப்படை. அல்பினோ ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மாற்றமடைந்த மரபணு இரண்டு சேர்ந்தால்தான் நிறம் வெளுக்கும். ஒன்று மட்டும் வந்தால் பாம்பு இயல்பான நிறத்திலேயே இருக்கும். ஆனால், அம்மரபணுவைத் தன் வாரிசுகளுக்குக் கடத்தக்கூடும். வளர்ப்போர் இதனை 'ஹெட்' என்பர்.

இரண்டு 'ஹெட்' பாம்புகள் இணைந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று அல்பினோ. எஞ்சிய மூன்றும் ஒரே தோற்றம் உடையவை. அவற்றில் இரண்டு 'ஹெட்', ஒன்று சாதாரணம். எது எதுவென்று பார்த்துச் சொல்ல இயலாது. எனவே, மூன்றுமே '66 விழுக்காடு ஹெட்' என்று விற்கப்படுகின்றன. உண்மையில் எந்தக் குட்டியும் 66 விழுக்காடு 'ஹெட்' அன்று. ஒன்று முழுமையாக அப்படி இருக்கும். அல்லது சிறிதும் இராது. அந்த விழுக்காடு பாம்பின் இயல்பன்று, நமது அறியாமையின் அளவு.

அத்தகைய பெண் குட்டியை வாங்கியவர், அது பருவமடையும்வரை சில ஆண்டுகள் வளர்த்து, அல்பினோ ஆணுடன் இணைக்கிறார் என்று கொள்வோம். பொரித்த ஆறு குட்டிகளில் ஒன்றேனும் வெளுத்திருந்தால் ஐயம் நீங்கியது. ஆறும் இயல்பான நிறமென்றால்? தாய் 'ஹெட்' ஆக இருந்தும் இவ்வாறு நிகழ 64-இல் ஒரு வாய்ப்பு உண்டு. கணக்கிட்டால், தொடக்கத்தில் 66 விழுக்காடாக இருந்த நம்பிக்கை ஏறத்தாழ 3 விழுக்காடாகச் சரியும்; ஆனால், சுழியமாகாது. 'உண்டு' என்பதை ஒரே குட்டி மெய்ப்பிக்கும். 'இல்லை' என்பதை எத்தனை குட்டிகளாலும் முற்றாக மெய்ப்பிக்க முடியாது. விற்றவர் பொய் சொன்னாரா, வாங்கியவருக்கு நல்வாய்ப்பு இல்லையா என்பது இங்கேதான் புதிராகிறது.

புதிர்கள் இன்னும் உண்டு. அல்பினோவும் 'லாவெண்டர் அல்பினோ'வும் இணைந்தால் குட்டிகள் பொதுவாக இயல்பான நிறத்திலேயே பிறக்கும். இரண்டிலும் நிறம் வெளுக்கக் காரணமான மரபணுக்கள் வெவ்வேறு என்பதால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. தந்தை யார் என்பதும் எப்போதும் உறுதியன்று. பெண் பாம்புகள் விந்தணுவை நெடுங்காலம் உடலில் சேமித்து வைக்கக்கூடியவை. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக் காட்சியகத்தில் 2012-இல் ஆணின் துணையின்றியே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டுக் குட்டிகள் பொரித்தது மரபணுச் சோதனையில் உறுதியாயிற்று. ஆகவே, எதிர்பாராத நிறத்தில் குட்டி பிறந்ததும் விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்வதும் தவறு.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்கும் உரிய விலை கிடைக்காது. நாளடைவில் நேர்மையாளர்கள் விலகிவிடுவர். பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் இதை விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப் 2001-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். பாம்பின் மரபணுவை என் செய்வது?

அதற்கான விடை பாம்பு கழற்றி எறியும் சட்டையிலேயே இருந்தது. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாம்பு வளர்ப்போரிடமிருந்து பெற்ற சட்டைகளை ஆராய்ந்து, நிறமிழப்புக்குக் காரணமான மரபணு மாற்றங்களை 2022-இல் வெளியிட்டனர். குப்பையில் போகும் தோலே இன்று சான்றிதழாகிறது. வாங்குவோர் இனி வாய்ச்சொல்லுக்குப் பதிலாகச் சோதனை முடிவையும் பெற்றோர் பதிவேட்டையும் கேட்கலாம்.

ஆனால், மறைக்கப்படுவது வம்சாவளி மட்டுமன்று. 'ஸ்பைடர்' எனப்படும் அழகிய கோலமுடைய வகையில் தலை நடுக்கமும் சமநிலைக் குறைவும் அந்த நிறத்துடனேயே பிறக்கின்றன. சில குட்டிகளில் அது இலேசாக இருப்பதால் வாங்குவோர் கவனிப்பதில்லை. அழகுக்கு விலை நாம் கொடுக்கிறோம். துன்பத்தை அந்த உயிர் சுமக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைத்துக் கடத்திவரப்பட்ட பந்து மலைப்பாம்புகள் பலமுறை பிடிபட்டுள்ளதால், இதை அயல்நாட்டுக் கதையென்று நாமும் ஒதுக்க முடியாது.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது பழமொழி. விற்பவர் மட்டுமே அறிந்தது வாங்குபவருக்கும் தெரிய வரும்போதுதான் அது நேர்மையான சந்தையாகும். நிறத்தைப் பார்த்து விலை பேசுவதற்கு முன்பு, அதன் பின்னே இருப்பது என்ன என்று கேட்கும் பழக்கம் வாங்குவோருக்கு வர வேண்டும்.