பாசி என்னும் பெயரும் ஆற்றுநீரின் தன்மையும்

பாசி என்பது நிறம் பற்றி எழுந்த பெயர். பசுமை, பச்சை, பசலை என்பவற்றோடு ஒரு வேரினின்று கிளைத்த சொல் அது. பாசிப்பயறு, பாசிமணி என்னும் வழக்குகளும் இதனை உணர்த்தும். நீரிற் பச்சையாய்ப் படர்வன பலவற்றையும் முன்னோர் இவ்வொரு பெயராற் சுட்டினர். குறுந்தொகை 399ஆம் பாட்டிற் பரணர், தலைவியின் பசலைக்கு ஊர்க்கேணியின் பாசியை உவமையாக்குகின்றார். கைபட்ட இடத்தில் அகன்று, கையை எடுத்தவுடன் மீண்டும் மூடிக்கொள்ளும் அதன் இயல்பே அங்கு உவமைக்கு நிலைக்களன். அக்கேணி ஊரார் நீருண்ணும் துறை என்பதும், பாசியால் அந்நீர் கெட்டதென்னும் குறிப்பு அப்பாட்டில் இல்லை என்பதும் நோக்கத்தக்கன. பாசி படிந்த நீர் தீய நீர் என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஆற்றுநீர் பற்றிய அறிவியற் செய்திகளைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பாசி எனப்படுவனவற்றுள் நீலப்பச்சைப் பாசி என்பது ஒரு தனிக்குலம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் தி. வி. தேசிகாச்சாரி, 1959இல் வெளியான 'சயனோபைட்டா' என்னும் பெருநூலில் இக்குலத்தைத் தாவரங்களுள் வைத்தே விரித்துரைத்தார். இவற்றின் உயிரணுவில் உட்கரு இல்லை. அது காரணமாக இவற்றைப் பாக்டீரியாவோடு சேர்த்தெண்ணும் கொள்கை பின்னர் வலுப்பெற்றது; சயனோபாக்டீரியா என்னும் பெயரும் நிலைத்தது. எனவே, அறிவியல் நோக்கில் இவை பாசியே அல்ல. நிறத்தாலும் இப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. ஆற்றுக் கற்களின்மேற் படர்வனவற்றுள் கரும்பழுப்பு நிறத்தனவும் உள. கருமைக்கு அணித்தான நிறத்தனவும் உள.

ஆற்றுநீரை மொண்டு வேதியியல் முறையில் ஆராய்ந்தால், மொண்ட அந்நேரத்து நிலையே புலப்படும். நேற்றிரவு கழிவு கலந்து ஓடிப்போயிருப்பின் இன்று மொண்ட நீர் அதனைக் காட்டாது போகலாம். கல்லிற் பற்றி வளரும் உயிரோ அவ்விடத்தை விட்டு அகல இயலாதது. பல நாளாகத் தன்மேல் ஓடிய நீருக்கேற்பவே அது தழைக்கும், அல்லது அழியும். இக்கருத்தை முறைப்படுத்தியவர் செருமானிய அறிஞராகிய கோல்க்விட்சும் மார்சனும் ஆவர். கழிவு கலந்த ஆறு, கீழ்நோக்கி ஓடுந்தோறும் படிப்படியாகத் தூய்மை பெறுவதையும், ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு உயிர்கள் வாழ்வதையும் கண்டு, அவர்கள் 1908இல் தாவரங்களையும் 1909இல் விலங்குகளையும் வகைப்படுத்தினர்.

அமெரிக்க அறிஞர் பாமர், 165 ஆசிரியர்தம் குறிப்புகளைத் தொகுத்து, கரிமக் கழிவைத் தாங்கி வாழும் பாசியினங்களை 1969இல் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் யூக்ளினாவை அடுத்து இரண்டாம் இடம் பெற்றது ஆசிலட்டோரியா என்னும் நீலப்பச்சை இழை. ஊசல்போல் அசைவதால் வந்த பெயர் அது. அவர் வகுத்த மதிப்பெண் முறையில், ஒரு நீரிற் காணும் பேரினங்களின் எண்களைக் கூட்டி 20 அல்லது அதற்கு மேல் வருமாயின் கழிவு மிகுதி என்று கொள்ளப்படும். ஆசிலட்டோரியாவுக்கு அவர் அளித்த எண் 5. நீலப்பச்சைப் பாசி நீர்க்கேட்டின் அறிகுறி என்னும் பொதுக்கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன.

ஆயின் அக்குலத்திலேயே இதற்கு நேர்மாறான இயல்புடையதொன்று உண்டு. ரிவுலாரியா என்பது கற்களின்மேற் சிறு சிறு குமிழ்களாக ஒட்டி வளர்வது. அதன் இழை ஒருமுனையில் மெலிந்து மயிர்போல் முடியும். அம்மயிர்ப் பகுதியிற் சுரக்கும் நொதி, கரிமப் பொருள்களிற் பிணிப்புண்ட பாஸ்பரசைப் பிரித்துக்கொடுக்கும். இழையின் அடியில் உள்ள தடித்த உயிரணு காற்றின் நைட்ரஜனை உணவாக்கும். நீரில் இவ்விரண்டும் அரியனவாய் இருக்கும் இடத்தில்தான் இத்தகைய அமைப்பாற் பயன் உண்டு. வறுமையில் வாழக் கற்ற உயிர் அது. வயலின் உரமும் ஊரின் சாக்கடையும் கலந்து நீர் வளம்பெறின், விரைந்து வளரும் பிறவற்றோடு போட்டியிட இயலாது மறையும். இங்கிலாந்தின் மேல் டீஸ்டேல் பகுதி ஓடைகளில் இதனை ஆராய்ந்தவர் டர்ஹாம் பல்கலைக்கழக அறிஞர் விட்டன். ஸ்பெயின் நாட்டு ஆல்பெர்ச்சே ஆற்றைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வும், நீர் ஊட்டம் மிகுந்து கெடக்கெட நீலப்பச்சை இனங்களின் வகை குறைவதைக் காட்டிற்று. ஆகவே, ஒரு கல்லிற் பாசி இருப்பது கேடு எனின், ரிவுலாரியா நீங்கிய கல்லைத் தூயது என்று பிறழக் கொள்ள நேரும்.

இவ்வளவில் இனங்களை நல்லன, தீயன என இருபாலாகப் பகுத்து அமையலாமோ எனின், அமையாது. நியூசீலாந்தில் வெலிங்டன் நகரை அடுத்த ஹட் ஆற்றங்கரையில் 2005இல் நாய்கள் சில இறந்தன. கற்களினின்று பெயர்ந்து கரையொதுங்கிய பார்மிடியம் என்னும் கரும்படலத்தைத் தின்றதே காரணம். நரம்பைத் தாக்கும் நஞ்சு அதில் இருந்தது. அந்நாட்டு ஆறுகளில் இப்படலம் தழைப்பதோ பெரும்பாலும் பாஸ்பரஸ் மிகக் குறைந்த தெளிந்த நீரில். படலம் தன்னுள் நுண்மணலைச் சிறைப்படுத்திக்கொள்கின்றது. பகலில் ஒளிச்சேர்க்கையால் உள்ளே காரத்தன்மை ஏற, மணலில் ஒட்டியிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு அதற்கு உணவாகின்றது. மேலோடும் நீரை மட்டும் அளப்பவருக்கு இது தோன்றாது. நீர் தெளிவு, ஆயினும் அதன் அடியில் நஞ்சு. 2009இல் அந்நாட்டார் வகுத்த நெறிமுறை, ஆற்றடியில் இப்படலம் 20 விழுக்காட்டை எட்டின் விழிப்பாயிருக்கவும், 50 விழுக்காட்டைக் கடப்பின் மக்களை எச்சரிக்கவும் கூறுகின்றது.

இனிப் பெயர் பற்றிய சிக்கல். கலைச்சொல் ஆக்குவோர் நீலப்பச்சைப் பாசி என்னும் தொடரைக் குலப்பெயராக வழங்குவதில் இழுக்கில்லை. உழவரிடையேயும் அது பரவிவிட்டது. ஆனால் ஆற்றாய்வுக் குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கால் அத்தொடரோடு நிற்றல் பெருங்குறை என்பது என் கருத்து. ஆசிலட்டோரியாவும் ரிவுலாரியாவும் ஒரே சொல்லில் அடங்கிவிடின், ஆறு கெட்டதா நலமுற்றதா என்னும் செய்தியே அக்குறிப்பினின்று மறைந்துபோம். பேரினப் பெயரை ஒலிபெயர்த்தேனும் உடன் எழுதல் வேண்டும். அதனோடு, எந்நூலைத் துணைக்கொண்டு அப்பெயர் இடப்பட்டது என்பதையும் குறித்தல் நன்று. ஏனெனில் பெயர்கள் மாறுகின்றன. நியூசீலாந்தின் பார்மிடியம் இன்று மைக்ரோகோலியஸ் எனப்படுகின்றது. அனபீனாவின் மிதக்கும் இனங்கள் பல டாலிகோஸ்பெர்மம் ஆயின. தேசிகாச்சாரியார் நூலில் அவற்றைத் தேடுவோர் பழம்பெயரின்கீழேயே காண்பர்.