உப்புக் காற்றில் இரண்டு பேஸ் கிட்டார்கள்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு அந்த நெய்தற்கரையும் வழியாகச் சுட்டப்படுகிறது. அவன் கையில் இருப்பது சீறியாழ். பேரியாழ் மீட்டியோர் பெரும்பாணர் எனவும், சீறியாழ் மீட்டியோர் சிறுபாணர் எனவும் பெயர் பெற்றனர். யாழுக்கு ஒருவர் என வகுத்துக்கொண்டதால், ஒருவனே பாட்டுக்குப் பாட்டு யாழை மாற்றும் தொல்லை அவர்களுக்கு இல்லை போலும். அத்தொல்லையை அதே கரையில் நான் ஒருமுறை கண்ணால் கண்டேன், காதாலும் கேட்டேன்.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் திருவிழா. பாத்திகளின் வரப்போரம் பனையோலை போர்த்திய உப்புக் குவியல்கள். அவற்றுக்கு அப்பால் மேடை. மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் இரண்டு கருவிகள் கொண்டுவந்திருந்தார். தட்டைக் கம்பி சுற்றிய நரம்புகள் பூட்டிய நாலு நரம்புக் கிட்டார் ஒன்று. அது அறுபதுகளின் பாடல்களுக்கு. உள்ளே 9 வோல்ட் மின்கலம் வைத்த ஐந்து நரம்புக் கிட்டார் மற்றொன்று. அது இக்காலப் பாடல்களுக்கு. முதற் பாட்டு இனிதே முடிந்தது. இரண்டாம் பாட்டுக்குக் கருவி மாறியது. முதல் அடியிலேயே எதிரிலிருந்த தேநீர்க் கடையின் தகரக் கூரை அதிர்ந்தது; கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. ஒலிக்கலவைப் பலகையான மிக்சரில் இருந்த இளைஞர் பதறிப்போய் பேஸின் அளவைக் கீழே இழுத்தார். மூன்றாம் பாட்டுக்குப் பழைய கிட்டார் திரும்பி வந்தது. இறக்கிய அளவை ஏற்ற அவருக்கு நினைவில்லை. பாடகி பாடினார், தபலா முழங்கியது. பாட்டின் அடித்தளம் மட்டும் காணாமற் போயிருந்தது.

குற்றம் அவ்விளைஞர் மேல் அன்று. இரண்டு கிட்டார்களும் வேறு வேறு அளவில் மின்சாரம் தருவன. காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என 1831-இல் பாரடே கண்டார். பேஸ் கிட்டாரின் பிக்கப் அந்நெறியில்தான் இயங்குகிறது. காந்தத்தின் மேல் சுருள். அதற்குமேல் எஃகு நரம்பு. நரம்பு அதிர, சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. காந்தத்தின் வலிமை, சுருளின் சுற்று எண்ணிக்கை, நரம்புக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் கருவிக்குக் கருவி மாறும். 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் மின்கலம் இல்லை; சுருள் தருவதே வெளியேறும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, கிட்டாருக்குள்ளேயே சிறு மின்பெருக்கியைப் பொதிந்து விற்பனைக்கு வந்தது. இன்று மேடையில் இவ்விரு குலத்துக் கருவிகளும் அருகருகே நிற்கின்றன. முன்னது 0.2 வோல்ட் தரும் அடியில் பின்னது 0.5 வோல்ட் தருவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் இடையே 8 டெசிபல் வேறுபாடு.

8 டெசிபல் என்பது பெரிதா? பாடகியின் குரலில் என்றால், இருமடங்கு உரப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். பேஸின் நாட்டில் கணக்கு வேறு. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட, ஒரே உரப்பாகக் கேட்கும் ஒலிகளை இணைக்கும் சமவுரப்புக் கோடுகளைப் பாருங்கள். தாழ்ந்த ஒலிகளில் அக்கோடுகள் நெருங்கிக் கிடக்கும். நொடிக்கு 60 அதிர்வுகள் அளவில் 7 டெசிபல் ஏறினாலே உரப்பு இருமடங்காகிவிடும். தாழ்ந்த ஒலி மெல்லியதாயின் காது அதைக் கேளாது விடும். சற்றே வலுத்தால் மிகையாக உணரும். நாலு நரம்புப் பேஸ் கிட்டாரின் தடித்த நரம்பு நொடிக்கு 41 முறை அதிர்வது. ஐந்தாம் நரம்போ 31 முறைதான். மிக்சர் இளைஞர் பதறியதன் காரணம் இதுவே.

கைப்பேசியில் ஒலியளக்கும் செயலியை நம்பி இரு கிட்டார்களையும் ஒப்பிடுவோர் உண்டு. வேண்டாம். அச்செயலிகளில் பல பின்பற்றும் 'ஏ' என்னும் எடையீடு, 40 அதிர்வுகளில் ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்துவிடும். அடிநாதமே கணக்கில் வராத அளவுகோல் பேஸுக்கு எதற்கு?

இனி, சமன் செய்வது எங்கே? மெல்லியதை ஏற்றுவதா, வலியதை இறக்குவதா? இறக்குவதே நன்று என்பேன். மின்கலமில்லாக் கிட்டாரின் ஒலிக்குமிழைத் திருகிக் குறைத்தால் அளவு மட்டும் குறையாது. குமிழின் மின்தடையும் நீண்ட வடத்தின் மின்தேக்கமும் சேர்ந்து உச்ச ஒலிகளை விழுங்கும். நாதம் மங்கும். மின்பெருக்கி உள்ள கிட்டார் அவ்வாறு மங்குவதில்லை. குறைத்தாலும் முகம் மாறாது. வலியது பெரும்பாலும் அதுவே ஆகையால், குறைப்பைத் தாங்கவல்லதிடமே குறைக்கிறோம். அன்றியும், மெல்லியதற்கு ஏற்றபடி ஒலிபெருக்கியின் வாயிலை அகலத் திறந்துவைத்தால், வலியது நுழையும்போது அலையின் தலை வெட்டுண்டு கரகரக்கும். பல பேஸ் ஒலிபெருக்கிகளின் முகப்பில் 10 அல்லது 15 டெசிபல் குறைக்கும் பொத்தான் உள்ளது. மின்கலக் கிட்டாருக்காகவே வைத்தது, அழுத்துவோர்தாம் சிலர்.

இரு கிட்டாருக்கும் தனித்தனிக் குமிழ் கொண்ட இருவழிப் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொள்வது இன்னும் செம்மை. மெல்லியதன் குமிழை முழுதும் திறந்து, வலியதன் குமிழைத் தணித்து, நின்ற இடத்தில் ஒட்டுநாடாவால் குறியிடலாம். ஓர் எல்லையைத் தாண்டும் ஒலியைத் தானே அமுக்கும் கம்ப்ரசர் இப்பணியைச் செய்யும் என எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அதன் எல்லை மெல்லிய கிட்டாருக்குப் பொருந்தினால் வலியதை நசுக்கும். வலியதற்குப் பொருந்தினால் மெல்லியதைத் தொடவே தொடாது. நிகழ்ச்சிக்கு முன்னாளே திருப்புளி எடுத்து, வலிய கிட்டாரின் பிக்கப்பைச் சிறிது தாழ்த்துவது செலவில்லாத மருந்து. மறுபுறம், மெல்லியதன் பிக்கப்பை நரம்பை முட்டும்படி உயர்த்தினால் காந்தம் நரம்பைப் பிடித்திழுக்கும், சுருதி தடுமாறும்.

சமன் பார்ப்பவர் மேடைமேல் நிற்கலாகாது. தடித்த நரம்பின் ஒலியலை 8 மீட்டருக்கு மேல் நீளமுடையது. பெட்டியருகே ஒரு தோற்றம், மக்கள் அமரும் இடத்தில் வேறொரு தோற்றம். கடற்கரை வெளியில் ஒலியைத் திருப்பியனுப்பச் சுவரும் இல்லை. ஒருவர் மாறி மாறி வாசிக்க, மற்றவர் மணலில் இறங்கி நின்று கேட்கவேண்டும்; தனியே அன்று, மேளமும் குரலும் சேர்ந்து ஒலிக்கையில்.

அன்று இடைவேளையில் செய்ததும் ஏறக்குறைய அதுவே. மிக்சர் இளைஞர் தேநீர்க் கடைவரை நடந்துபோய்க் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினார். கலைஞர் ஐந்து நரம்புக் கிட்டாரின் குமிழை இறக்கினார். ஆயினும் நாலு நரம்புக் கிட்டாரில் இடையிடையே 'கரக்' என்றொரு ஒலி. அளவு விழுந்து விழுந்து எழுந்தது.

அதற்குக் காரணம் ஊரே. கடற்காற்று உப்புத்துகளைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். செருகியின் வாயில் அத்துகள் படிந்து ஈரமானால் உலோகம் அரிக்கும், மின்தொடுகை பிழைக்கும். நரம்பின் சுற்றுக்கம்பிகளுக்குள் புகுந்தாலோ உச்ச ஒலிகள் மடியும். அளவுமானி காட்டும் அளவு குறையாதிருக்க, காது மட்டும் 'மெல்லியது' எனத் தீர்ப்பளிக்கும். ஒரு கிட்டாரில் புது நரம்பும் மற்றொன்றில் ஈராண்டு நரம்பும் பூட்டிவிட்டு, எந்தக் குமிழைத் திருகி என்ன?

"அண்ணே, இந்தப் பழசை உப்பு தின்னுடுச்சு" என்றார் இளைஞர்.

கலைஞர் செருகியைப் பிடுங்கித் துணியால் துடைத்தார். நரம்புகளையும் ஒவ்வொன்றாய் அடிமுதல் நுனிவரை உருவினார். பிறகு அத்துணியின் ஓரத்தை நாவில் வைத்துப் பார்த்தார். கரித்தது. காற்றின் உப்பா, தம் விரல் வியர்வையின் உப்பா என்று அவருக்கே விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே கிட்டாரைத் தோளில் மாட்டினார். அடுத்த பாட்டில் குவளைகள் அசையவில்லை.